கழுத்துக்கு மேலே ஒரு வேலை

என் நாத்தனாருக்குத் தொழிற்சாலையில் வைத்த பெயர் மீடியம். ஒரு நாள் சாப்பிடும்போது அவளே அதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "மீடியம், தண்ணி எடுத்துட்டு வா", "மீடியம், ரிமோட்டை எங்க வச்ச?" அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. கோபப்படத் தெரிந்த பெண்ணாக இருந்திருந்தால் நான் இன்றைக்கு இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பள்ளிக்கூடம் முடித்ததும் ஏற்றுமதித் துணி தைக்கும் தொழிற்சாலையில் சேர்ந்தாள். தைத்து வந்த சட்டையில் பிசிர் நூல் வெட்டும் மேஜை. அங்கே சாம்பிள் ரூம் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு புது மாதிரிக்கும் முதல் சட்டையை அங்கேதான் தைப்பார்கள். அதைப் போட்டுப் பார்க்க ஆள் வேண்டும் என்று சாம்பிள் மாஸ்டர் ஒரு நாள் டேப்பை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாக வந்தார். தோள், மார்பு, இடுப்பு எல்லாம் மீடியம் சைஸுக்கு என்ன கணக்கோ அப்படியே இவளிடம் இருந்தது. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனவள்தான், அப்புறம் ஆறு வருஷம் நிற்பதே அவள் வேலையாகிவிட்டது.

"நிக்கறதுக்கெல்லாமா சம்பளம் குடுக்கறான்?" என்று என் மாமனார் கேட்டார். அவர் ஓய்வு பெறும் வரை ஓர் அலுவலகத்தில் லிஃப்ட் ஓட்டியவர். ஸ்டூலில் உட்கார்ந்தே காலம் தள்ளியவருக்கு நிற்பதன் அருமை எப்படித் தெரியும்? போடு என்றால் போட வேண்டும், கழற்று என்றால் கழற்ற வேண்டும். கையைத் தூக்கு, குனி, உட்கார், பரணிலிருந்து ஏதோ எடுக்கிற மாதிரி எட்டு. குண்டூசி குத்தினால் அசையக் கூடாது. துணி மாட்டும் பொம்மை வாய் திறக்காது, இவள் திறப்பாள். "மாஸ்டர், இடது அக்குள்ல இழுக்குது." அவள் சொன்னால் மாஸ்டர் மறு பேச்சில்லாமல் தையலைப் பிரித்துவிடுவார்.

போட்டுப் பார்த்த ஒவ்வொரு சட்டையையும் முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று படம் எடுத்து வெளிநாட்டுக்காரனுக்கு அனுப்புவார்கள். எல்லாம் கழுத்துக்குக் கீழேதான். முகம் வந்தால் வாங்குகிறவன் முகத்தைப் பார்ப்பான், துணியைப் பார்க்க மாட்டான் என்பது மாஸ்டரின் சட்டம். இவள் கைபேசியில் அந்தப் படங்கள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. அவ்வளவும் முண்டம். பார்க்கிற எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.

ஆனால் காலையில் எட்டிப் பார்த்தால் இவள் கண்ணாடி முன்னால் நிற்பாள். பவுடர், கண் மை, லேசாக உதட்டுச் சாயம், இரண்டு தடவை வாரிய தலை. ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"ஏம்மா, கேமராதான் கழுத்தோட நின்னுடுதே. யாருக்கு இந்த அலங்காரம்?"

"ஒரு நாளாவது கொஞ்சம் மேல தூக்கிட மாட்டாங்களா அண்ணி?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் விளையாட்டில்லை. அவளுக்கு வேண்டியதே அதுதான். நட்சத்திரமாக வேண்டும், மாளிகை கட்ட வேண்டும் என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. நாலு பேர் பார்க்கிற இடத்தில் ஒரு படம், அதில் தன் முகம். ஆறு வருஷம் தன்னைத் தலையில்லாமலே பார்த்தவளுக்கு இந்த ஆசைகூட வராவிட்டால்தான் ஆச்சரியம்.

அப்புறம் தொழிற்சாலையில் ஒரு புது உத்தரவு வந்தது. போட்டுப் பார்க்கிற பெண்கள் இனிமேல் கம்பெனி ஆட்களாக இருக்க மாட்டார்கள், ஏஜென்சி வழியாகத்தான் வருவார்கள், விருப்பம் உள்ளவர்கள் போய்ப் பதிந்துகொள்ளலாம் என்று. அதே சமயம் பார்த்து வந்து சேர்ந்தான் ஒருவன். ஒரு போட்டோகிராஃபருக்கு லைட் பிடிக்கிறவனாகத் தொழிற்சாலைக்கு வந்து போனவனாம். இப்போது டேலண்ட் மேனேஜராம், மாடல்களுக்கு வேலை பிடித்துத் தருகிறவனாம், இவளையும் தன்னிடம் வரச் சொல்லிக் கேட்டிருந்தான். அவன் வருவதற்கு முன்னால் வாசனை வரும், அவன் போன பிறகும் வாசனை போகாது. நான் அவனுக்கு வைத்த பெயர் சென்ட்டுக்காரன்.

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, மூட்டு வலி. அதனால் ஏஜென்சிக்கு இவளோடு நான்தான் போனேன். டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. ஒரு மேஜை, ஒரு எடை மெஷின், சுவர் முழுக்கப் பெண்களின் படங்கள். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்த ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். வா என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. நேராக டேப்பை எடுத்து அளந்தார். அளந்து முடித்ததும்தான் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

"அளவு தங்கம்மா. வாரம் முழுக்க வேலை இருக்கும். நாலஞ்சு கம்பெனி சுத்தலாம்."

இவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மேடம், ஃபேஸ் மாடலிங்...?"

அந்த அம்மாள் கண்ணாடியை இறக்கி ஒரு தடவை பார்த்தார். "அதுக்கு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். நல்ல முகம்தான். ஆனா கேமராவுக்குன்னு ஒரு முகம் இருக்கு, அது வேற. பொய் சொல்லி உன்னை உக்கார வைக்க எனக்கு இஷ்டமில்லை."

இவள் முகம் தொங்கிவிட்டது. மேனேஜர் ஒருவர் கேட்டிருக்கிறார் என்று நான் இழுத்தேன். அந்த அம்மாள் கோபப்படவில்லை.

"மேனேஜர் வச்சுக்கறதுல தப்பே இல்லை. நல்ல ஆளுங்களும் இருக்காங்க. ஒண்ணு மட்டும் கேளுங்க, அவர்கிட்ட வேற எத்தனை பேர் இருக்காங்கன்னு. எங்கிட்ட நூறு பேர். ஒருத்திக்கு வேலை இல்லேன்னா இன்னொருத்தி போவா, அதனால நான் உண்மை பேச முடியும். இவ ஒருத்திதான்னா, அவன் வீட்டு அடுப்பு இவளை வச்சுத்தான் எரியணும். வர்றதையெல்லாம் பிடிச்சு இவ தலையில கட்டுவான்."

எனக்கு அந்த அம்மாளைப் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து சொன்னதுதான் தாமதம், அத்தை குதித்தார்.

"என்னது, முகத்துக்கு வாக்குக் குடுக்க மாட்டாளா? என் பொண்ணு முகத்துக்கு என்ன குறைச்சலாம்? கழுத்துக்குக் கீழ போதும்னு சொல்ல அவ யாரு?"

மறுநாளே சென்ட்டுக்காரன் வீடு தேடி வந்தான். வாசலிலேயே செருப்பை ஒழுங்காக ஓரத்தில் விட்டான், மாமாவை அப்பா என்றான், அத்தையை அம்மா என்றான். என்னை அண்ணி என்றபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளை ஜன்னல் பக்கம் நிறுத்திக் கைபேசியில் ஒரு படம் எடுத்தான். அதை அத்தையிடம் காட்டி, "அம்மா, இந்த முகத்தை இத்தனை நாள் எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்றான். அத்தை கண் கலங்கிவிட்டார். இவளைக் கேட்கவே வேண்டாம்.

ஏஜென்சிக்கும் மேனேஜருக்கும் என்ன வித்தியாசம் என்று மாமா கேட்டார். "ஏஜென்சி பஸ் மாதிரி அப்பா. நாமதான் போய் நிக்கணும், கூட்டத்துல ஏறணும். நான் ஆட்டோ. வாசலுக்கே வருவேன், பாப்பா எங்க போகணுமோ அங்கேயே இறக்கி விடுவேன்." மாமா தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்.

நான் சும்மா இருப்பேனா? "உங்ககிட்ட வேற எத்தனை பேர் இருக்காங்க?" என்று கேட்டேன்.

"யாருமே இல்லை அண்ணி. பாப்பா ஒருத்திதான். நூறு பேரை வச்சுக்கிட்டு யாரையும் கவனிக்காம விடறதுக்கு நான் என்ன ஏஜென்சியா?"

அத்தை என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. கேட்டாயே, இப்போது வாயை மூடு என்கிற பார்வை.

அவன் போன பிறகு வீட்டில் பெரிய மாநாடு. ஒரு சம்பந்தம் பேசுகிற மாதிரியேதான் பேசினார்கள். அந்த அம்மாள் நம்மை மாடிப்படி ஏற வைத்தாள், இவன் வீடு தேடி வந்தான். அவள் ஒரு வாய் தண்ணீர் தரவில்லை, இவன் நம் வீட்டில் டீ குடித்தான். இவன் அப்பா என்ன வேலை, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்றெல்லாம் மாமா விசாரித்து வைத்திருந்தார். இதுவரை யாருக்கு என்ன வேலை வாங்கித் தந்தான் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றிய எனக்கோ ஓட்டு கிடையாது. என் வீட்டுக்காரர், "உனக்கு எதுலயும் குத்தம்தான்" என்று முடித்துவிட்டார்.

கடைசியில் அவளைக் கேட்டார்கள். அவள் என்ன சொல்வாள்? ஒருத்தி முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை மறுபடி தலைமேல் ஏற்றிக்கொண்டாள். ஒருத்தன் ஒளித்து வைத்திருந்தீர்களா என்றான். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அவனைத்தான் சொல்லியிருப்பேன், அது வேறு விஷயம்.

இரண்டு வருஷ ஒப்பந்தம். அவன் சொல்கிற வேலையைத் தவிர வேறு எதற்கும் போகக் கூடாது. தொழிற்சாலையில் நின்றால் "லெவல்" இறங்கிவிடுமாம், அதனால் அதையும் நிறுத்தினாள். சாம்பிள் மாஸ்டர் வாசல் வரை வந்து வழியனுப்பினாராம். அப்புறம் வீட்டில் உட்கார்ந்தாள். மாதங்கள் போயின. போன் அடிக்கும்போதெல்லாம் ஈரக் கையோடு ஓடி வருவாள். அவன் வருவான், டீ குடிப்பான், "பெரிசா ஒண்ணு பேசிக்கிட்டு இருக்கேன்மா" என்பான், போவான். சென்ட் வாசனை மட்டும் சோபாவிலேயே தங்கிவிடும்.

ஒரு வழியாக வேலை வந்தது. முகத்துக்குப் போடுகிற கிரீம் விளம்பரம். முகம்! முகம் மட்டும்! வீடே தலைகால் புரியாமல் ஆடியது. மூட்டு வலியாவது ஒன்றாவது, அத்தை ஸ்டூடியோவுக்கு அவளோடு கிளம்பிவிட்டார். சாயங்காலம் திரும்பி வந்து இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னதை நான் காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன்.

"மேக்கப்புக்கே அரை நாள் அண்ணி! கண்ணுக்குக் கீழ கறுப்பா என்னமோ தடவினாங்க. கன்னத்துல புள்ளி புள்ளியா வச்சாங்க. மூக்கு ஓரத்துல எண்ணெய்."

"நானே கேட்டேன், எதுக்குடி இப்படிப் பண்றாங்கன்னு" என்றார் அத்தை. "நம்ம மேனேஜர் தம்பிதான் சொன்னான், லைட்டு போட்டா அதெல்லாம் வெளுத்து அழகாத் தெரியும்மான்னு."

"சிரிக்கவே கூடாதுன்னுட்டாங்க அண்ணி. பெரிய மாடலெல்லாம் சிரிக்க மாட்டாங்களாமே?"

கத்தி என் கையில் நின்றுவிட்டது. நான் வேலை பார்ப்பது மருந்துக் கடையில். நாள் பூராவும் இந்த மாதிரி டப்பாக்களோடுதான் என் வாழ்க்கை. அந்தக் கறுப்பும் புள்ளியும் எதற்கென்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவள் கண்ணைப் பார்த்த பிறகு மறுபடி காயை நறுக்க ஆரம்பித்தேன்.

மூன்று மாதம் கழித்துக் கம்பெனி ஆள் என் கடைக்கே ஒரு அட்டை போர்டு கொண்டுவந்து நிறுத்தினான். ஆள் உயரம். பிளாஸ்டிக் உறையைப் பிரித்தேன். இடது பக்கம் என் நாத்தனார். கண்ணுக்குக் கீழே குழி, கன்னமெல்லாம் கறை, நாலு நாள் தூங்காத களை. தலைக்கு மேலே கொட்டை எழுத்தில் "முன்". வலது பக்கம் "பின்". அந்தப் பக்கம் வேறு ஒருத்தி, இதே மாதிரி தலை வாரி, இதே மாதிரி சட்டை போட்டு, பளபளவென்று பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் அதைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தேன். முதலாளி வந்து திரும்பவும் வாசல் பக்கம் திருப்பினார். "அவங்க காசு குடுத்து வச்சிருக்காங்கம்மா, உனக்கு என்ன வந்தது?" எனக்கு என்ன வந்ததா? அது எங்கள் வீட்டுப் பெண் என்று சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால் அவர் இன்னும் உற்றுப் பார்ப்பார்.

நான் வீட்டுக்குப் போய்ப் பக்குவமாகச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் அவளே கடைக்கு வந்துவிட்டாள், போர்டுகள் கடைகளுக்குப் போய்விட்டன என்று அந்தப் பாவி போனில் சொன்னானாம். பவுடர் போட்டு, தலை வாரி, தன் கல்யாணத்துக்குத் தானே வருகிற மாதிரி வந்தாள். போர்டு முன்னால் நின்றாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், மறுபடி இடது பக்கம் பார்த்தாள். கடைக்கு வந்திருந்த ஒரு கிழவர் மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டே நின்றார். நான் வாங்கவில்லை.

"முகம் நல்லாத் தெரியுது இல்ல அண்ணி?" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் சென்ட்டுக்காரனின் சட்டையைப் பிடிக்கத்தான் போனார். அவன் அசரவில்லை. எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள், முதல் படி இதுதான், பின் பக்கத்துக்கு ஒரு நாள் வந்துவிடலாம் என்றான். ஒப்பந்தத்தைக் காட்டினான். "அண்ணா, நான் முகம் வரும்னு சொன்னேன். வந்துதா இல்லையா?" என்று கேட்டான். வந்ததே!

பிறகு வேலை மேல் வேலையாகக் கொட்டியது, அதுதான் கொடுமை. முடி கொட்டுவதற்கு முன். பல் வெளுப்பதற்கு முன். மன உளைச்சல் தீர்வதற்கு முன். எதைக் கொடுத்தாலும் ஒழுங்காகச் செய்கிறவள், இதையும் ஒழுங்காகச் செய்தாள். இவளைப் போல வாட்டமாகப் பார்க்க யாராலும் முடியாது என்று ஸ்டூடியோக்களில் பெயர் வாங்கிவிட்டாள். இளைக்கிற மாத்திரை விளம்பரம் ஒன்று வந்தது. அதற்காகச் சாப்பிடு சாப்பிடு என்று அவன் வயிறு முட்டத் தின்ன வைத்தான். தங்கம் என்று சொன்ன அளவு போயே போய்விட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. இவளுக்குத் தெரியாமல் ஏஜென்சி அம்மாளுக்குப் போன் செய்து, ஒப்பந்தம் முடிந்ததும் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். அந்த அம்மாள் இடுப்பளவை மட்டும் கேட்டார். சொன்னேன். "பாவம்மா" என்று வைத்துவிட்டார்.

தெருவில் மாமா வேறு வழியாகப் போக ஆரம்பித்தார். பஸ் நிறுத்தத்து விளம்பரத்தில் மகள் நிற்கிறாளே, தலை கலைந்து! பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் வந்து, "உங்க நாத்தனாருக்கு ஏதாவது பிரச்சினையா?" என்று குசுகுசுத்தாள். அவள் வாயை நான் எப்படி அடைத்தேன் என்பதை இங்கே எழுத முடியாது.

ஆனால் இவள் மட்டும் உடையவில்லை. ஸ்டூடியோவிலிருந்து வந்ததும் நேராகக் குழாயடிக்குப் போவாள். சோப்புப் போட்டு முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். துடைத்துக்கொண்டே என்னிடம் சொல்வாள்: "அது அவங்க போட்ட பெயிண்ட்தானே அண்ணி. கழுவிட்டா நான் நான்தானே? ஊர் என்ன வேணா நினைக்கட்டும். நம்ம வீட்ல இருக்கறவங்களுக்குத் தெரியும் இல்ல, என் முகம் எப்படின்னு."

அதைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு வருஷத்தை ஓட்டினாள். அது எனக்குத் தெரியும்.

ஒப்பந்தம் முடியப் போகிற சமயம். ஒரு சாயங்காலம் வழக்கம் போல முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். கண்ணாடிக்குக் கீழே இருக்கிற பலகையில் சீப்புக்குப் பக்கத்தில் ஒரு புது டியூப் இருந்தது. அதே கிரீம். என் கடையில் வாங்கியதில்லை. எனக்குத் தெரியக் கூடாது என்று அத்தை மூட்டு வலியோடு அடுத்த தெருவுக்கு நடந்து போய் வாங்கியிருக்கிறார்.

"இது யாருக்கும்மா?" என்று கேட்டாள் இவள்.

அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "உனக்குத்தான். சும்மா தேய்ச்சுத்தான் பாரேன். கெட்டா போயிடும்?"

"அம்மா, போர்டுல அந்தப் பக்கம் இருக்கறது வேற பொண்ணும்மா."

"எனக்குத் தெரியாதா?"

"எனக்குப் போட்டதெல்லாம் பெயிண்ட்டும்மா. நீ பக்கத்துலயே உக்காந்து பார்த்த."

"பார்த்தேன்டி. நான் எங்க இல்லேன்னேன்?" அத்தை ஒரு துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். "இருந்தாலும்..."

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு என் வாயில் வந்ததை மட்டும் கொட்டியிருந்தால் நான் அந்த வீட்டில் இருந்திருக்க மாட்டேன். இவள் கையை நீட்டி என்னை நிறுத்தினாள். டியூபை எடுத்துக்கொண்டு போய் அம்மாவின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மூடியைத் திறந்து விரல் நுனியில் கொஞ்சம் பிதுக்கினாள்.

"எங்க தேய்க்கணும்னு நீயே சொல்லும்மா" என்றாள்.

அத்தை துணியைக் கீழே வைத்தார். மகளின் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, பெற்றவள் பாசத்தோடு, உற்றுப் பார்த்தார். பிறகு விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "இங்க, கண்ணுக்குக் கீழ. அப்புறம் இந்தக் கன்னத்துல. மூக்கு ஓரத்துல கொஞ்சம்."

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கழுவித் துடைத்த முகம், அதில் ஒன்றுமே இல்லை. அவள் அம்மா காட்டிய இடத்திலெல்லாம் ஒன்று விடாமல் தேய்த்துக்கொண்டாள்.